விடையை வைத்திருப்பவர்

மட்டாஞ்சேரி,
8-2-2026, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

சுந்தரி நமஸ்காரம் செய்து எழுதுவது. உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவருக்கு அது ஒரு பெரிய காரியமா? பின்கோடு சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன். தப்பாக இருந்தால் கடிதம் வந்து சேர்ந்த பிறகு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இங்கே நாங்கள் சௌக்கியம். நாக்பூரில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவின் முட்டிவலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறார்களா, அல்லது ஷெல்ஃபில் அழகாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மருமகள் இருந்து என்ன, யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. கங்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. குட்டிப்பயல் தவழ்ந்துபோய் உங்கள் கண்ணாடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்ட படத்தைக் கங்கா அனுப்பியிருந்தாள். உங்கள் பிள்ளை அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த உங்களைத்தான் பெரிதாக்கியிருந்தார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்களோடு எப்படிப் பேசவேண்டும் என்பது எனக்கு இந்த எட்டு மாதத்தில் நன்றாகவே பழகிவிட்டது. வெயில் எப்படி, மழை எப்படி, கரண்ட் பில் கட்டியாயிற்றா, இதுவரைக்கும் லைன் சுத்தமாக இருக்கும். 'அவர்' என்று நான் வாயைத் திறந்தால் போதும், நாக்பூர் முழுக்க நெட்வொர்க் போய்விடும். அதனால்தான் கடிதம். தபாலில் வந்ததை நீங்கள் பாதியில் வைக்கமாட்டீர்கள்.

கங்காவின் பிரசவத்துக்கென்று ஜூனில் கிளம்பினீர்கள். நீங்கள் இன்னும் திரும்பாததற்குப் பேரன் பாசம் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நமக்குள் என்ன மறைப்பு? உங்கள் பிள்ளை ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சுக்குக் கம்பெனியில் சேர்ந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை எப்படியாவது முடித்துவைக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, தென்காசிக்காரி.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் கூடத்தில் நின்றுகொண்டு, ஊரே சுக்கு விற்கிற தெருவிலிருந்து ஒரு பிள்ளையை வானத்தைப் பார்க்க அனுப்பினேன், இருபது வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து சுக்கைப் பார்க்கிறான் என்று சொன்னீர்களே, அப்போது அடுப்படியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு நிஜமாக வலித்தது சுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். விஷயத்தை அவர் வாயால் நீங்கள் கேட்கவில்லை. கம்பெனி முதலாளி சந்தீப் படகுத்துறையில் உங்களைப் பார்த்து, சங்கரேட்டன் எங்களோடு சேர்ந்துவிட்டார் என்று கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது. அவர் உங்களிடம் முதலில் சொல்லியிருக்கவேண்டும். நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று மூன்று வாரம் ஓட்டினார். நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தப்பு அவர்மேல்தான், அதில் நான் கட்சி மாறமாட்டேன்.

ஏன் விட்டார் என்பதை மட்டும் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு மலைக்கு அடியில் தொட்டி கட்டி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துகள் என்றைக்காவது வந்து மோதுமா என்று நூற்றைம்பது பேர் காத்திருந்தார்கள். இவர் அதில் ஒருவர். பதினோரு வருஷம். ஒன்றுகூட மோதவில்லை. மோதவில்லை என்பதே பெரிய கண்டுபிடிப்பு என்று அவர் எனக்கு விளக்கினார், நானும் தலையாட்டினேன். நடுவில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று நாலு ஊரில் ஒப்பந்த வேலை. கடைசியில் நிரந்தர வேலைக்குப் பத்தொன்பது இடத்துக்கு எழுதிப்போட்டார். ஒன்பது இடத்திலிருந்து பதிலே வரவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாதவர்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் இதற்குமேல் சொல்லவில்லை.

ஆனால் வேலை கிடைக்காததால் மட்டும் இங்கே வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் என்னிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் கேக்கற கேள்விக்கு விடை என் ஆயுசுக்குள்ள எனக்குத் தெரியணும், சுந்தரி. ஒரே ஒரு கேள்விக்காவது."

கம்பெனி பஜார் ரோட்டில் ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெளியே இருந்து பார்த்தால் இன்றைக்கு விழுமா நாளைக்கு விழுமா என்று இருக்கும். மாடியில் நாலு கம்ப்யூட்டர். கீழே சுக்கு மலை. உள்ளே போய்விட்டு வந்தால் ரெண்டு நாளைக்கு ஜலதோஷமே வராது. நடுவில் ஓர் இயந்திரம். சுக்குத் துண்டுகள் பெல்ட்டில் ஓடிவரும், மேலே இருக்கிற காமிரா ஒவ்வொன்றையும் படம் பிடிக்கும், கெட்டது என்று கண்டால் பக்கத்திலிருக்கிற குழாய் காற்றை ஊதி அதை வெளியே தள்ளிவிடும். எது கெட்டது என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் பிள்ளையின் உத்தியோகம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது நல்லது, இது பூசணம், இது வண்டு துளைத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். மலைக்கு அடியில் எது துகள், எது வெறும் இரைச்சல் என்று பிரிக்கவும் இதே வித்தைதான் என்கிறார். அப்படியானால் அங்கே இருந்ததற்கு இங்கே என்ன குறைச்சல் என்று நான் கேட்டேன். இங்கே துகள் நிஜமாகவே வருகிறது என்றார்.

படம் எடுக்கிற பொறுப்பு ஒச்சம்மாளிடம். பள்ளுருத்தியிலிருந்து வருகிற அம்மாள், ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சுக்குத் தரம் பிரிக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி. இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் போதும், எந்தச் சீமையில் விளைந்தது என்பதுவரை சொல்லிவிடுவாள். இயந்திரம் வந்தால் எங்களைக் கழற்றிவிடுவீர்களா என்று முதல் நாளே சந்தீப்பிடம் நேருக்கு நேர் கேட்டாள். இயந்திரத்துக்கு வாத்தியார் வேண்டாமா என்று அவன் சொன்ன பிறகுதான் காமிராவைத் தொட்டாள். இப்போது பாதிப் பெண்கள் தூசியில் குனிந்து உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. நவம்பரில் முதல் பரீட்சை. இயந்திரம் அதுவரை காட்டிய படங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சந்தீப் லட்டு வாங்கிவந்துவிட்டான். பிறகு மூட்டையிலிருந்து நேராக நூறு துண்டை எடுத்து பெல்ட்டில் விட்டார்கள். அறுபத்தொன்றுதான் சரி. வெள்ளையாகப் பூசணம் பூத்த துண்டையெல்லாம் முதல்தரம், முதல்தரம் என்று அது பாட்டுக்கு உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. லட்டை யாரும் தொடவில்லை.

உங்கள் பிள்ளை மூன்று வாரம் மாடியை விட்டு இறங்கவில்லை. சாயாகூட மேலேதான். கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். மேலே போனால் எரிந்து விழுவார் என்று தோன்றியதால் கீழே ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு கெட்ட துண்டை எடுத்தாள். முந்தானையால் அதைச் சுற்றி நன்றாகத் துடைத்தாள். ஊதினாள். தட்டில் நேராக நிறுத்தி வைத்தாள். அப்புறம் படம் எடுத்தாள். அடுத்ததையும் அப்படியே.

எதற்கு அக்கா துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படம் புடிக்கணும்னா மூஞ்சியத் தொடச்சுட்டுத்தானம்மா நிப்பாட்டணும்? கெட்டதுன்னா அதுக்கு மானம் இல்லையா?" என்றாள்.

அப்பா, நான் மாடிப்படியில் ஓடியது எனக்கே ஞாபகமில்லை. விஷயம் இதுதான். துடைத்துத் துடைத்துப் படம் எடுத்ததால் இயந்திரம் நிஜப் பூசணத்தைப் பார்த்ததே கிடையாது. அது பார்த்த வெள்ளையெல்லாம் சுண்ணாம்பு போட்டு வெளுத்த உசத்திச் சுக்கு. அதனால் மூட்டையிலிருந்து வெள்ளையாக எது வந்தாலும் உசத்தி என்று நினைத்துக்கொண்டது. இதில் அதன் குற்றம் என்ன? நம் வீட்டிலும் போட்டோ என்றால் அம்மா ஒரு குடம் தண்ணீரில் எல்லார் முகத்தையும் கழுவிவிடுவார்கள் அல்லவா, அதே கதைதான்.

அவர் கீழே வந்து, ஒச்சம்மாள் துடைப்பதை ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். அவள் பயந்துவிட்டாள். வேலை போயிற்று என்று நினைத்து முகமெல்லாம் வெளுத்துவிட்டது. இவர் அப்படியே சாக்குமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, தப்பு உங்களுடையது இல்லை அக்கா, படம் எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் ஒருநாள்கூட வந்து கேட்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கேட்காமல் இருந்ததுதான் தப்பு என்று மறுபடி ஒருதரம் சொன்னார். அப்போது அவர் சுக்கைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முழுக்கத் துடைக்காமல் புதிதாகப் படம் எடுத்தார்கள். ஒச்சம்மாளுக்கு அது பெரிய சங்கடம். அழுக்கோடு படம் எடுக்கும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

நடுவில் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். பின்கட்டுக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகு வந்து நாலு மாதமாகிறது. குளிரூட்டிய படகில் ஜம்மென்று எறணாகுளம் போய்வருகிறார்கள். நீங்கள் வந்தால் பழைய படகுதான் நல்லது என்று சொல்வீர்கள், ஆனால் ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தோப்பும்படி கடையில் இப்போது காலை ஷிஃப்ட். மீன் துறைமுகத்துக்காரர்கள் எல்லோரும் என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள், நிஜ டாக்டர் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னால் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டரை உங்கள் பிள்ளை ஞாயிறுதோறும் வாசலில் வைத்துக் கிளப்பிப் பார்க்கிறார். பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஓட்டுவதில்லை. பாட்டரி இறங்கிவிடும், அதற்காகத்தான் என்கிறார். இன்று காலையும் அந்தச் சத்தம் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டாம். விடையை முதலிலேயே மூடி வைத்துவிட வேண்டும். கணக்குப் போடுகிறவர் கணக்கு முழுதும் முடிந்தது, இனிமேல் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அதைத் திறக்கலாம். பரீட்சைத் தாளில் பையன் பெயரை மடித்து ஒட்டிவிட்டுத் திருத்துவார்களே, அதுபோல. விடை முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் மனசு தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்கிறார். மலைக்கு அடியில் அத்தனை வருஷம் அப்படித்தான் வேலை செய்தார்களாம். சுக்குக்கும் அதுதான் சட்டம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சுக்குக்கு இவ்வளவா என்று சந்தீப் தலையைச் சொறிந்தான். ஆனால் வெலிங்டன் தீவில் ஓர் ஏற்றுமதிக்காரர் இயந்திரத்தை வாங்கத் தயாராக இருக்கிறார், யாரும் கை வைக்காத பரீட்சையில் தொண்ணூற்றைந்து வந்தால்தான் வாங்குவேன் என்கிறார். அதனால் அவனும் ஒத்துக்கொண்டான்.

ஜனவரியில் இரண்டாவது பரீட்சை. நூறு துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எது நல்லது எது கெட்டது என்று ஒச்சம்மாள் தனியாக உட்கார்ந்து குறித்துக்கொடுத்த தாள். அதை மூடி சந்தீப்பிடம் கொடுத்தார்கள். அவன் தங்கமான பிள்ளை. ஆனால் பெண்டாட்டிக்குப் பிறந்தநாள் புடவை எடுத்தால் முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுகிற ஜாதி. ஆசை தாங்காமல் உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். மறுநாள் சாயா குடிக்கும்போது, "சங்கரேட்டா, அந்த நாப்பத்தொண்ணாம் நம்பரை மாத்திரம் இன்னொரு தவணை நோக்கிக்கோ" என்று தன் மலையாளத் தமிழில், உதவி செய்கிறதாக நினைத்துக் காதில் ஓதியிருக்கிறான். தீர்ந்தது. இவர் சாயாவை வைத்துவிட்டு எழுந்துபோய் அந்த நூறு துண்டையும் மூட்டையில் கொட்டிவிட்டார். ஒரு மாத வேலை. சந்தீப் ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை உறையை யாரிடம் கொடுப்பது என்று போன வியாழக்கிழமை கிடங்கில் எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். நானும் இருந்தேன். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். உன் முகம் போதும், நூறு விடையும் அதில் எழுதியிருக்கும் என்றார் உங்கள் பிள்ளை. வாஸ்தவம்தான், எனக்கு எதையும் மறைக்க வராது. பாங்க் லாக்கரில் வைக்கலாம் என்றான் சந்தீப். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள், என்னிடம்தான் என்றான், எல்லோரும் சிரித்துவிட்டோம். விடை வைத்திருப்பவர் இவரோடு பேசவே கூடாது, அதுதான் முக்கியம் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஒச்சம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒங்களோட பேச்சுவார்த்தை இல்லாத ஆளுதானய்யா வேணும்? அப்படி ஒரு ஆளுகூடவா இல்ல ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். சந்தீப்கூடச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுக்குத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இருக்கார்" என்றார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அங்கேயே அழுதுவிட்டேன். ஒச்சம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மட்டும் ரொம்ப நிதானமாக, அப்பா மூடின உறையைப் பிரிக்கமாட்டார், அடுத்தவர் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவனைக்கூட அவர் மனுஷனாக மதித்ததில்லை, இந்தப் பூமியில் இந்த வேலைக்கு அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடையாது என்று சந்தீப்புக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் ஆலுவாவில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்தபோது, ஓர் அதிகாரி யாருடைய கடிதத்தையோ பிரித்துக் காட்டச் சொல்லி, நீங்கள் மாட்டேன் என்றதால் மாற்றல் வாங்கிய கதையை ஒன்று விடாமல் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எவ்வளவு பெருமை தெரியுமா? நீங்கள் அவரைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த பெருமைக்கு அது ஒரு துளிகூடக் குறைந்ததில்லை.

ஆகவே, இந்தக் கடிதத்தோடு ஒட்டினாற்போல உங்களுக்கு ஒரு தடித்த உறை வரும். நாளைக்குத்தான் போஸ்ட் செய்கிறேன். ரிஜிஸ்டர் தபால் என்று தனியாக இப்போது இல்லையாமே, எல்லாம் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்தாகிவிட்டது என்றார்கள் கவுண்டரில். உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அதற்கும் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருப்பீர்கள். உறையை அவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். என் கடிதமும் அதே கவுண்டரில் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் பரீட்சை விதி மீறல் என்று சொன்னாலும் சொல்வார்.

அந்த உறைக்குள்ளே அரக்கு வைத்து மூடிய இன்னோர் உறை இருக்கும். விடை அதில்தான். ஒச்சம்மாளே குறித்து, அவளே மூடினாள்; எந்த நம்பருக்கு என்ன எழுதினோம் என்று இப்போது அவளுக்கே நினைவில்லையாம். அரக்கில் அவள் பெருவிரல் ரேகை இருக்கும், சூடு பட்டு 'ஆத்தாடி' என்று கத்தினாள் பாவம். மேலே ஒரு தாள் இருக்கும். அது உங்கள் பிள்ளை எழுதிய விதிமுறை. ஒரு பக்கத் தாளை எழுத அவருக்கு ஆறு தாள் ஆயிற்று. முதல் ஐந்தில் 'அன்புள்ள அப்பா' என்று ஆரம்பித்து, ஐந்தையும் கசக்கிப் போட்டார். ஆறாவதில் 'விடையை வைத்திருப்பவர் கவனத்துக்கு' என்று ஆரம்பித்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். கசக்கிய ஐந்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

நாலாவது விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'விடையை வைத்திருப்பவர், முடிவு வெளியாகும்வரை ஆய்வாளரோடு பேசக் கூடாது' என்று எழுதியிருக்கிறார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து, 'முடிவு வெளியாகும்வரை' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டார் அப்பா. அந்தக் கோடு உங்கள் கண்ணில் படாமல் போய்விடுமோ என்றுதான் நான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி 21ஆம் தேதிவரை நீங்கள் அவரோடு பேசாமலிருப்பது கோபம் இல்லை, உத்தியோகம். சம்பளம் கிடையாது. அம்மா கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள். அம்மா பாவம், தினம் பால்கனியில் போய் நின்று மகனோடு ரகசியமாகப் பேசிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினேன் என்று உங்களிடம் சொல்கிறார்கள். அதை நீங்கள் நம்புவதுபோல நடிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 21 வரைக்கும் அதையும் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் நானும் ஒரே மாதிரி, ஏதாவது வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

21ஆம் தேதி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிடங்கிலிருந்து போன் வரும். அவர் நம்பரிலிருந்துதான் வரும். தயவுசெய்து எடுங்கள். இங்கே சந்தீப், ஒச்சம்மாள், தரம் பிரிக்கிற பெண்கள், வெலிங்டன் தீவு ஏற்றுமதிக்காரர், நான், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். நீங்கள் அரக்கை உடைத்து விடைத்தாளை எடுக்கவேண்டும். அவர் ஒன்றாம் நம்பர் என்று சொல்லி இயந்திரம் சொன்னதைச் சொல்வார். நீங்கள் தாளில் இருப்பதைச் சொல்லவேண்டும். நல்லது அல்லது கெட்டது, அவ்வளவுதான். பிறகு இரண்டு. பிறகு மூன்று. இப்படி நூறு. குறுக்கே வேறு யாரும் பேசக் கூடாது என்பது ஏழாவது விதி. நிதானமாகப் படிக்கச் சொல்லு, எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும் என்று ஒச்சம்மாள் உங்களுக்குச் சொல்லச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து வருமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வந்தால் சந்தீப் மறுபடி லட்டு வாங்குவான். வராவிட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார், அதற்கு அவர் சலிக்கிற ஆள் இல்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எனக்கு இருக்கிற கவலை வேறு. கூட்டிப் பார்த்து முடிவைச் சொல்லியாயிற்று என்றால் விதியும் முடிந்துவிடும், உத்தியோகமும் முடிந்துவிடும். அந்த நிமிஷம் இரண்டு பக்கமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பீர்கள். அவருக்கு முதலில் பேச வராது. உங்களிடம் சொல்லாமல் வேலையில் சேர்ந்ததைப் பற்றி எப்படிப் பேச்சை எடுப்பது என்று எட்டு மாதமாக ஒத்திகை பார்த்துவிட்டு, அன்றைக்கும் வாயடைத்துத்தான் நிற்பார். அவர் உங்கள் பிள்ளைதானே.

அதனால் கேட்கிறேன். நூறாவது நம்பரைச் சொன்னதும் போனை வைத்துவிடாதீர்கள் அப்பா. அவரிடம் ஏதாவது ஒன்று சொல்லுங்கள். என்ன சொன்னாலும் சரி. திட்டினாலும் சரி.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டி,
உங்கள் மருமகள்,
திரிபுரசுந்தரி